சர்வருக்கு எந்த ஹார்ட் டிஸ்க்? முதலில் கன்ட்ரோலரைக் கேளுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். சிவகாசியில் ஓர் அச்சகம். டிசைன் கோப்புகள் எல்லாம் ஒரு டெல் பவர்எட்ஜ் ஆர்720 சர்வரில் இருக்கின்றன. உள்ளே டிஸ்க்குகளை நிர்வகிக்கும் பெர்க் எச்710 கன்ட்ரோலர் அட்டை, 3.5 அங்குல டிஸ்க்குக்கான எட்டு இடங்கள். நான்கில் மட்டும் 1 டிபி சாட்டா டிஸ்க்குகள், ரெய்டு 5, அதாவது நான்கையும் ஒரே வட்டுபோல இணைத்து, ஒன்று போனாலும் தகவல் தப்பும்படி வைக்கும் முறை. ஒன்று செத்துவிட்டது, இன்னொன்றில் மஞ்சள் விளக்கு மினுங்குகிறது. டெல் முத்திரையோடு வரும் டிஸ்க்கின் விலை கட்டுப்படியாகவில்லை. கடைக்காரர் ஒருவர் "சாதாரண 4 டிபி டிஸ்க்கே போதும்" என்கிறார், இன்னொருவர் "நாஸ் டிஸ்க், அதாவது வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிக்கென்று வரும் டிஸ்க் போடுங்கள்" என்கிறார். எந்தக் கம்பெனி நம்பகமானது, எதை வாங்கினால் இந்தக் கன்ட்ரோலரோடு ஒத்துப்போகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிஸ்க் வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இன்றே பேக்கப் எடுங்கள். ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும், அடுத்ததும் போனால் அவ்வளவுதான். உங்கள் நான்கில் ஒன்று ஏற்கெனவே இல்லை, மஞ்சள் விளக்கு எரியும் டிஸ்க்கோ மூட்டை முடிச்சு கட்டிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அதை உருவிவிடாதீர்கள். செத்த டிஸ்க்குக்குப் பதில் புதிது ஒன்றைச் செருகி ரீபில்ட் (பழைய தகவலைப் புதிய டிஸ்க்கில் மறுபடி உருவாக்கும் வேலை) ஓடவிடவும் வேண்டாம். மீதமிருக்கும் மூன்று டிஸ்க்கையும் முதல் செக்டரிலிருந்து (தகவல் வைக்கும் சிறு துண்டு) கடைசி செக்டர்வரை படித்தால்தான் ரீபில்ட் முடியும். காய்ச்சலில் கிடப்பவரை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வது மாதிரி. முதலில் வெளியே ஒரு யுஎஸ்பி டிஸ்க்கிலோ வேறொரு கணினியிலோ கோப்புகளை இறக்கிவிடுங்கள். இயங்குதளம் இருக்கும் பகுதியை இமேஜாக, அதாவது அப்படியே முழு நகலாக எடுத்துவையுங்கள். அப்புறம் மீதியைப் படிக்கலாம்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். எல்லோரும் "சீகேட்டா, டபிள்யூடியா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். என் அனுபவத்தில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அலுவலகத்துக்குச் சர்வர் அமைத்துக் கொடுத்தபோது, செலவைக் குறைக்கிறேன் என்று நான்கு மேசைக்கணினி டிஸ்க்குகளைப் போட்டேன். முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது மாதம் ஒரு டிஸ்க் ரெய்டிலிருந்து கழன்றது. கழற்றிக்கொண்டுபோய் என் கணினியில் முழுச் சோதனை போட்டேன், ஒரு பிழைகூட இல்லை. திரும்பச் செருகினேன், ரீபில்ட் ஆனது. மூன்று வாரம் கழித்து வேறொரு டிஸ்க் கழன்றது. அதுவும் சோதனையில் சுத்தம். விற்ற கடைக்காரர் "டிஸ்க் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்று திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது சரிதான். டிஸ்க்குகள் நன்றாகத்தான் இருந்தன. கன்ட்ரோலரோடு பேசும் விதத்தில்தான் சிக்கல்.

என்ன நடக்கிறது என்றால், ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் தலை தடுமாறும்போது டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். மேசைக்கணினி டிஸ்க்குக்கு அதுதான் தர்மம். அதில் இருக்கும் தகவலுக்கு வேறு பிரதி கிடையாது என்று நினைத்துத்தான் அதன் ஃபர்ம்வேரை (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) எழுதியிருக்கிறார்கள். ஒரு நிமிடம், சிலசமயம் அதற்கு மேலும் மல்லுக்கட்டும். அந்த நேரத்தில் வேறு எந்தக் கட்டளைக்கும் பதில் சொல்லாது. ரெய்டு கன்ட்ரோலருக்கோ அவ்வளவு பொறுமை இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, அதே தகவலை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்குப்போட்டு எடுத்துக்கொள்ள அதனால் முடியும். சில விநாடிகள் பார்க்கும், பதில் வராவிட்டால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டி வெளியே தள்ளிவிடும். ஒரே ஒரு செக்டரின் தடுமாற்றத்துக்காக ஒரு முழு டிஸ்க் போகிறது. ரெய்டு 5இல் அடுத்த டிஸ்க்கும் அதே மாதிரி தடுமாறினால் முழு வால்யூமும் போகிறது.

சர்வருக்காகவும் நாஸுக்காகவும் செய்யும் டிஸ்க்குகளில் இதற்கு ஒரு கெடு வைத்திருப்பார்கள். பெரும்பாலும் 7 விநாடி. அதற்குள் படிக்க முடியாவிட்டால் "இந்தச் செக்டர் முடியவில்லை" என்று டிஸ்க்கே நேர்மையாகச் சொல்லிவிடும். கன்ட்ரோலர் மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்தத் துண்டைக் கணக்கிட்டு, அதே டிஸ்க்கில் திரும்ப எழுதிவைக்கும். எழுதும்போது டிஸ்க் கெட்ட செக்டருக்குப் பதில் உபரிச் செக்டர் ஒன்றை ஒதுக்கிக்கொள்ளும். பயனாளருக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஏற்பாட்டுக்கு டபிள்யூடி வைத்த பெயர் டிஎல்இஆர், சீகேட் சொல்வது ஈஆர்சி, ஹிட்டாச்சியும் சாம்சங்கும் சிசிடிஎல் என்றன. பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

வாங்கப்போகும் டிஸ்க்கில் இது இருக்கிறதா என்று லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் கருவியை வைத்துப் பார்க்கலாம். எஸ்சிடி ஈஆர்சி என்ற இடத்தில் 70 என்று வந்தால் 7 விநாடி என்று பொருள், அந்த எண் பத்தில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில் இருக்கும். சில மேசைக்கணினி டிஸ்க்குகளில் இதை நாமே 70 என்று அமைக்கலாம். ஆனால் மின்சாரம் போய் வந்தால் பலவற்றில் அந்த அமைப்பு மறந்துபோகும். லினக்ஸே நேரடியாக ரெய்டு நடத்தும் இடத்தில், துவங்கும்போதெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் ஓடவிட்டுச் சமாளிக்கலாம். அல்லது லினக்ஸின் மையமான கர்னல் டிஸ்க்குக்குக் கொடுக்கும் இயல்பான 30 விநாடி அவகாசத்தை 180 ஆக ஏற்றிவைக்கலாம். பெர்க் மாதிரி வன்பொருள் கன்ட்ரோலருக்குப் பின்னால் இந்த வித்தையெல்லாம் நம்பகமாக நடக்காது. ஆகவே "சாதாரண 4 டிபி டிஸ்க்கே போதும்" என்றவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது எஸ்எம்ஆர் என்ற பதிவு முறை. இதுவும் டிஸ்க் நல்லதா கெட்டதா என்ற கேள்வி இல்லை, இடத்துக்குப் பொருந்துமா என்பதுதான். கூரை ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதுவதால் அதே தட்டில் அதிகம் அடங்கும். விலை குறையும். ஆனால் நடுவில் இருக்கும் ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருக்கும் ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? அதேதான் இங்கேயும். சும்மா கோப்பு போட்டு வைக்கும்வரை டிஸ்க் சமாளிக்கும், ஓய்வு நேரத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ளும். ரீபில்டில் ஓய்வே கிடையாது. மணிக்கணக்கில் தொடர்ந்து எழுதச் சொன்னால் மூச்சு வாங்கி, பதில் சொல்லத் தாமதித்து, மறுபடியும் கன்ட்ரோலரின் கோபத்துக்கு ஆளாகும்.

2020 ஏப்ரலில் இது பெரிய சர்ச்சையானது. நாஸுக்கென்றே விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில், 2 டிபி முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்று விவரத்தாளில் சொல்லாமலே விற்கப்பட்டது வெளிவந்தது. சீகேட், தோஷிபா டிஸ்க்குகள் சிலவும் அப்படித்தான் என்று அதைத் தொடர்ந்து தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால் டபிள்யூடியின் 4 டிபி டிஸ்க்கில் மாடல் எண் இஎஃப்ஆர்எக்ஸ் என்று முடிந்தால் பழைய முறைப் பதிவு, இஎஃப்ஏஎக்ஸ் என்று முடிந்தால் எஸ்எம்ஆர். நடுவில் ஒரே ஓர் எழுத்து. அதற்குப் பிறகு பழைய முறை டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். இன்றைக்கு மூன்று கம்பெனியுமே எந்த மாடல் எந்த முறை என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆகவே "ரெட் டிஸ்க் குடுங்க" என்று கடையில் கேட்காதீர்கள். முழு மாடல் எண்ணைக் கேளுங்கள், பில்லிலும் அதை எழுதி வாங்குங்கள்.

இப்போது கன்ட்ரோலர். எச்710க்கு டெல் முத்திரை இல்லாத டிஸ்க் ஒத்துவருமா? வரும். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 2010இல் டெல் அதற்கு முந்தைய தலைமுறையான எச்700, எச்800 கன்ட்ரோலர்களில், தான் சான்று தராத டிஸ்க்குகளை ஏற்காதபடி ஃபர்ம்வேர் வைத்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அந்த முடிவிலிருந்து பின்வாங்கி, தடையை நீக்கும் ஃபர்ம்வேரை வெளியிடுவதாக அறிவித்தது. பதினைந்து ஆண்டு கழித்து அதே நாடகம் வேறு மேடையில் நடந்தது. 2025இல் சினாலஜி தன் புதிய நாஸ் பெட்டிகளில் வெளியார் டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு போட்டது, அக்டோபரில் தளர்த்தியது. அதனால் எச்700 இருக்கும் யாராவது இதைப் படித்தால், டிஸ்க் வாங்குவதற்கு முன் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிடுங்கள். உங்கள் எச்710இல் அந்தத் தடை இல்லை. வெளியார் டிஸ்க்கைப் போட்டால் டெல்லின் நிர்வாக மென்பொருளில் "சான்று பெறாதது" என்று ஓர் எச்சரிக்கை நிற்கும், அவ்வளவுதான். டிஸ்க் வேலை செய்யும்.

ஆனாலும் கன்ட்ரோலர் கம்பெனிகள் வெளியிடும் ஒத்திசைவுப் பட்டியலை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். டெல் விற்கும் டிஸ்க்கை டெல் செய்வதில்லை. உலகத்தில் ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் இன்று மூன்றே பேர்: சீகேட், டபிள்யூடி, தோஷிபா. ஹிட்டாச்சியின் டிஸ்க் பிரிவும் 2012இல் டபிள்யூடி கைக்குப் போய்விட்டது. ஆக, டெல் டிஸ்க்கின் விலையில் நாம் கொடுப்பது சோதனைக்கும் தனி ஃபர்ம்வேருக்கும் ட்ரேக்கும் உத்தரவாதத்துக்கும்தான். பட்டியலில் உள்ள டிஸ்க் எந்த மூல மாடல் என்று பார்த்து, அதே மாடலை நேரடியாக வாங்குவது நல்ல வழி. எச்710இல் இருப்பது எல்எஸ்ஐ நிறுவனத்தின் சாஸ்2208 சிப். எல்எஸ்ஐயின் மெகாரெய்டு 9271 அட்டையிலும் அதே சிப்தான். ஆகவே டெல்லின் பட்டியலில் கிடைக்காவிட்டால் அந்த அட்டைக்கு வந்த பட்டியலைப் பார்க்கலாம். எல்எஸ்ஐ இப்போது பிராட்காம் பெயரில் இருக்கிறது.

கொள்ளளவு விஷயத்தில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் உங்களைவிடப் பழைய சர்வர் வைத்திருப்பவர்கள் இங்கேதான் கையைச் சுட்டுக்கொள்வார்கள். எல்எஸ்ஐ 1068இ சிப் உள்ள அட்டைகள், டெல்லின் பெர்க் 5, பெர்க் 6 வகையறாக்கள் 2 டிபிக்கு மேல் பார்க்காது. செக்டர் எண்ணை 32 பிட்டில் வைக்கிறார்கள், ஒவ்வொரு செக்டரும் 512 பைட், பெருக்கிப் பார்த்தால் சுமார் 2.2 டிபியில் முட்டும். எந்த ஃபர்ம்வேர் போட்டாலும் அது மாறாது. அப்படிப்பட்ட அட்டைக்கு 4 டிபி வாங்காதீர்கள், அட்டையை மாற்றுங்கள்.

செக்டர் அளவு என்று இன்னொன்று இருக்கிறது, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். 512என் என்றால் உள்ளும் புறமும் 512 பைட். 512இ என்றால் உள்ளே 4096, வெளியே 512 என்று காட்டிக்கொள்ளும். 4கேஎன் என்றால் உள்ளும் புறமும் 4096. உங்கள் எச்710 தலைமுறைக்கு முதல் இரண்டு சரி. 4கேஎன் ஆகாது, அது அடுத்த தலைமுறையான எச்730இலிருந்துதான். ஒரே பெயரில், ஒரே கொள்ளளவில் இரண்டு வகையும் விற்கிறார்கள், மாடல் எண்ணின் கடைசி இலக்கங்கள்தான் வேறு. பார்த்து வாங்குங்கள்.

சாஸா சாட்டாவா என்று அடுத்துக் கேட்பீர்கள். இரண்டும் டிஸ்க்கைக் கன்ட்ரோலரோடு இணைக்கும் முறைகள். சர்வரின் பின்தட்டில் இரண்டும் பொருந்தும். சாட்டா இணைப்பில் சாஸ் டிஸ்க் நுழையாது, சாஸ் இணைப்பில் சாட்டா நுழையும். ஒரே ரெய்டுக்குள் இரண்டையும் கலக்க பெர்க் விடாது. நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் பெரிய கொள்ளளவு சாஸ் டிஸ்க்கும் அதே வரிசையின் சாட்டா டிஸ்க்கும் உள்ளே ஒரே இயந்திரம்தான், பேசும் பாஷைதான் வேறு. பிழையைக் கன்ட்ரோலரிடம் விவரமாகச் சொல்வதில் சாஸ் கெட்டி. ஒரு டிஸ்க் முரண்டு பிடித்தால் மற்றவற்றைத் தொந்தரவு செய்யாமல் தனியாகக் கையாளவும் வசதி அதிகம். விலை வித்தியாசம் சொற்பமாக இருந்தால் சாஸ் வாங்குங்கள். ஆனால் ஒன்று: நாளைக்கு சர்வரே போய்விட்டால், சாட்டா டிஸ்க்கை எந்தக் கணினியிலும் செருகிச் சோதிக்கலாம், சாஸ் டிஸ்க்குக்குத் தனி அட்டை வேண்டும். சிறிய அலுவலகத்துக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே நான் சாட்டா பக்கம் சாய்கிறேன்.

அப்படியானால் எந்த வரிசை? எட்டு டிஸ்க் அருகருகே அதிரும் பெட்டிக்குள் வைப்பதற்கென்று செய்தவை: சீகேட்டில் எக்ஸோஸ், டபிள்யூடியில் அல்ட்ராஸ்டார், தோஷிபாவில் எம்ஜி. இந்த மூன்றில் எது உங்களுக்கு உள்ளூர் உத்தரவாதத்தோடு கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். ஐந்து ஆண்டு உத்தரவாதம், ஆண்டுக்கு 550 டிபிவரை படித்து எழுதலாம் என்ற கணக்கு. நாஸ் டிஸ்க் என்று இன்னொருவர் சொன்னது தப்பில்லை. டபிள்யூடி ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் இரண்டிலும் அந்த 7 விநாடிக் கெடு இருக்கிறது. ஆனால் உத்தரவாதம் மூன்று ஆண்டு, வேலைச்சுமைக் கணக்கு 180 டிபி. 4 டிபி அளவில் விலை வித்தியாசம் பெரிதாக இல்லை என்றால் மேலே சொன்ன வரிசைகளுக்கே போய்விடுங்கள். கேமராப் பதிவுக்கென்று வரும் டிஸ்க்குகளை யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காட்சி தடைபடக் கூடாது என்பதற்கே முதலிடம் கொடுத்து அவற்றின் ஃபர்ம்வேரை எழுதியிருக்கிறார்கள்.

அதிர்வு என்றேனே, அது வெறும் விளம்பர வார்த்தை இல்லை. 2008 கடைசியில் சன் நிறுவனப் பொறியாளர் ப்ரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முன்னால் நின்று உரக்கக் கத்தினார். திரையில் டிஸ்க்குகளின் தாமதம் எகிறியது. சத்தத்துக்கே அப்படி என்றால், உங்கள் சர்வர் அச்சு இயந்திரத்தோடு ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே அறையில்தான் இருக்கிறது என்றால், இடம் மாற்றுவதைவிட மலிவான மேம்பாடு வேறு கிடையாது.

நம்பகத்தன்மைக்கு எண் கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். விவரத்தாளில் எம்டிபிஎஃப் (பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) 25 லட்சம் மணி நேரம் என்று போட்டிருக்கும். அது ஒரு டிஸ்க் 285 ஆண்டு உழைக்கும் என்ற வாக்குறுதி இல்லை. ஆண்டுக்கு ஆயிரத்தில் மூன்று நான்கு டிஸ்க் போகலாம் என்ற மதிப்பீடு. 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். விவரத்தாள்களின்படி ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, நிஜத்தில் மாற்றப்பட்டவை பெரும்பாலும் 2 முதல் 4 சதவீதம், சில இடங்களில் 13 சதவீதம்வரை. அதே ஆய்வில், விலை உயர்ந்த இணைப்பு கொண்ட டிஸ்க்குகள் சாட்டாவைவிடக் குறைவாகச் சாகின்றன என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சாஸ் வாங்கினால் சாகாது என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கம்பெனிப் பெயரைவிட மாடல் முக்கியம் என்பதற்கு சீகேட்டின் 3 டிபி டெஸ்க்டாப் டிஸ்க் ஒன்று பாடம். 2011இல் வந்த அந்த மாடல், இணையவழிச் சேமிப்புச் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனத்தின் கிடங்கில் கொத்துக்கொத்தாகச் செத்தது, அமெரிக்காவில் வழக்குவரை போனது. அதே கம்பெனியின் வேறு டிஸ்க்குகள் அதே கிடங்கில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடின. பேக்பிளேஸ் தன் டிஸ்க்குகளின் புள்ளிவிவரத்தை 2013இலிருந்து மாடல்வாரியாகத் திரட்டி வெளியிடுகிறது. வாங்க நினைக்கும் மாடல் அதில் இருந்தால் பாருங்கள். ஆனால் சில நூறு டிஸ்க்குகளே இருக்கும் மாடலின் சதவீதத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், இரண்டு டிஸ்க் போனாலே அந்த எண் பயமுறுத்தும்.

பழைய டிஸ்க் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சென்னை ரிச்சி தெருவில் யாராவது ஒருவர் பாதி விலைக்குக் காட்டுவார். பெரிய சேமிப்பகப் பெட்டிகளிலிருந்து கழற்றிய சாஸ் டிஸ்க்குகள் பலவற்றில் செக்டர் 520 பைட்டாக இருக்கும், பெர்க் அதைத் தொடாது. எஸ்ஜி ஃபார்மேட் என்ற கருவியால் 512 ஆக மாற்றலாம். மணிக்கணக்கில் ஓடும், நடுவில் மின்சாரம் போனால் திரும்ப முதலிலிருந்து. புதிது என்று சொல்லி விற்பதிலும் ஏமாற்று உண்டு. 2025 ஜனவரியில் ஜெர்மனியில், பல ஆயிரம் மணி நேரம் ஓடிய எக்ஸோஸ் டிஸ்க்குகள் ஸ்மார்ட் கணக்கை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவை) பூஜ்யமாக்கிப் புதிது என்று விற்கப்பட்டது அம்பலமானது. சியா என்ற மறைகுறி நாணயத்துக்காக ஓட்டித் தள்ளியவை என்று சந்தேகம். நல்லவேளையாக சீகேட் டிஸ்க்கில் ஃபார்ம் என்று இரண்டாவது கணக்கு ஒன்று இருக்கிறது, புதிய ஸ்மார்ட்சிடிஎல்லில் அதைப் படிக்கலாம். ஸ்மார்ட் 0 மணி, ஃபார்ம் 20,000 மணி என்று வந்தால் டிஸ்க்கை அப்படியே திருப்பிக் கொடுங்கள். வாங்கிய அன்றே தொடர் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்றும் பாருங்கள். சர்வர் கம்பெனிக்கென்று போன டிஸ்க் சில்லறைக்கு வந்திருந்தால், உத்தரவாதத்துக்கு அவர்களிடமே போ என்று அங்கே சொல்லிவிடும்.

ஐந்து டிஸ்க்காக வாங்குங்கள், நான்கு உள்ளே, ஒன்று அலமாரியில். முடிந்தால் இரண்டு கடைகளில், வெவ்வேறு தயாரிப்புத் தேதியில். ஒரே பெட்டியிலிருந்து வந்த டிஸ்க்குகள் ஒரே நோயைச் சுமந்துவரலாம். சர்வர் நிறுவனமான எச்பிஇ 2019 நவம்பரில் அறிவித்த ஒரு குறை நினைவிருக்கிறது: சில சாஸ் எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும், தகவலும் திரும்பாது. மூன்று ஆண்டு, 270 நாள், 8 மணி. ஃபர்ம்வேருக்குள் ஒரு எண்ணி நிரம்பி வழிந்ததுதான் காரணம். ஒரே நாளில் மின்சாரம் கொடுத்த டிஸ்க்குகள் ஒரே நாளில் போகும், ரெய்டு எந்த எண்ணாக இருந்தாலும் காப்பாற்றாது. இதனால்தான் டிஸ்க்கின் ஃபர்ம்வேர் புதுப்பிப்பையும் கவனியுங்கள் என்கிறேன்.

வந்த டிஸ்க்கை நேரே சர்வரில் செருகாதீர்கள். ஒரு சாதாரண கணினியில் மாட்டி, முழு ஸ்மார்ட் சோதனை, பிறகு பேட்பிளாக்ஸ் எழுதிப் படிக்கும் சோதனை. 4 டிபியை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஒருமுறை கடக்க ஏழரை மணி நேரம். நான்கு வடிவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படிப்பதால் எட்டு முறை, ஆக இரண்டரை நாள். பொறுமை வேண்டும். முடிந்ததும் ஸ்மார்ட்டில் 5, 187, 188, 197, 198 ஆகிய எண்களைப் பாருங்கள், பேக்பிளேஸ் நம்புவதும் இந்த ஐந்தைத்தான். புதிய டிஸ்க்கில் எல்லாம் பூஜ்யமாக இருக்க வேண்டும். "ஒன்றே ஒன்றுதானே" என்று விட்டுவிடாதீர்கள். 2007இல் கூகுள் தன் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்துச் செய்த ஆய்வில், பின்னணிச் சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று வந்தது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் எந்த அறிகுறியும் காட்டாமலே போயின. ஸ்மார்ட் சுத்தமாக இருக்கிறது என்பதற்காகப் பேக்கப்பை நிறுத்த வேண்டாம்.

இனி மாற்றும் வேலை. உங்கள் சர்வரில் நான்கு இடம் காலியாக இருப்பது பெரிய அதிர்ஷ்டம். அவற்றில் பெரும்பாலும் வெறும் மூடி இருக்கும், டிஸ்க் மாட்டும் ட்ரே இருக்காது. முன்கூட்டியே ட்ரே வாங்கிவிடுங்கள். பழைய ரெய்டைத் தொடாமல், புதிய நான்கையும் காலி இடங்களில் போட்டுத் தனி ரெய்டு 6 ஆக்குங்கள். 8 டிபி கிடைக்கும், எந்த இரண்டு போனாலும் தாங்கும். டிஸ்க்குகளை ஜோடி ஜோடியாக நகல் வைக்கும் ரெய்டு 10இலும் அதே 8 டிபிதான், எழுதும் வேகம் கூடுதல், ஆனால் ஒரே ஜோடியில் இரண்டும் போனால் முடிந்தது. தரவுத்தளம் ஓடும் சர்வர் என்றால் 10 என்பேன். பெரிய டிசைன் கோப்புகளுக்கு 6 போதும். அந்த ரெய்டில் முதலில் 200 ஜிபிக்கு ஒரு மெய்நிகர் வட்டு, மீதியில் இன்னொன்று என்று பிரியுங்கள். பழைய பயாஸ் முறையில் 2 டிபிக்கு மேற்பட்ட வட்டிலிருந்து துவங்குவதில் சிக்கல் வரலாம், இயங்குதளம் அந்தச் சிறியதில் உட்காரட்டும்.

கன்ட்ரோலரின் பேட்டரியையும் அப்போதே பாருங்கள். எச்710இன் 512 எம்பி கேஷ் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் நினைவகம்) அந்தப் பேட்டரியை நம்பித்தான் எழுத்தைத் தாமதிக்கிறது. ஆர்720 2012இல் வந்த இயந்திரம், பேட்டரி அன்றிலிருந்து மாற்றப்படாமல் இருந்தால் செத்திருக்க வாய்ப்பு அதிகம். செத்தால் கன்ட்ரோலர் ஒவ்வொரு எழுத்தையும் நேரே டிஸ்க்குக்கு அனுப்பும், வேகம் படுத்துவிடும். அப்போது "புது டிஸ்க் மோசம்" என்று பழியைத் தூக்கி டிஸ்க் மேல் போடுவோம். பேட்டரி இல்லாமலும் கேஷைக் கட்டாயமாக ஓடவிட ஓர் அமைப்பு உண்டு. மின்வெட்டு வரும் ஊரில் அதைத் தொடவே தொடாதீர்கள். பேட்ரோல் ரீட் என்ற பின்னணிச் சோதனை தானியங்கியாக ஓடுகிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். யாரும் திறக்காத பழைய கோப்பு இருக்கும் செக்டர் கெட்டுப்போனதை ரீபில்ட் நாளுக்கு முன்பே கண்டுபிடிக்க அது நல்ல வழி.

கோப்புகளை நகலெடுத்து, எண்ணிக்கையும் அளவும் ஒப்பிட்டு, புதிய ரெய்டிலிருந்து சர்வர் துவங்குவதைப் பார்த்த பிறகு பழைய டிஸ்க்குகளை வெளியே எடுங்கள். எது எந்த இடத்தில் இருந்தது என்று மார்க்கர் பேனாவால் எழுதி, ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் காலண்டர் டிசைன் விடுபட்டுப்போனது அந்த ஒரு மாதத்துக்குள் எப்படியும் தெரிந்துவிடும்.